முதல் உலகப்போரில் ரூஸ்வெல்ட்: கடற்படை உதவிச் செயலாளராக அவர் செய்தது என்ன?

சிப்புட் நூலகக் குழு கேட்டது:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் முதல் உலகப்போர் பற்றிச் சின்னக் கண்காட்சி ஒன்று நடக்கவிருக்கிறது. ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள், ஆறாம் படிவ மாணவர்கள், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பெரியவர்கள் வருவார்கள். 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யாவின் செம்சுக் கப்பலை மூழ்கடித்தது பற்றிய பலகை தயார். அடுத்தது பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பின்னாளில் அமெரிக்க அதிபரானவர், அந்தப் போரின்போது கடற்படை உதவிச் செயலாளராக இருந்தார்.

மாணவர் கையேடு ஒன்றில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "ரூஸ்வெல்ட் வடகடலில் கண்ணிவெடி வேலியை உருவாக்கி ஜெர்மன் நீர்மூழ்கிகளை முடக்கினார்." இதை அப்படியே பலகையில் எழுதலாமா?

வேறு சில சந்தேகங்களும் உண்டு. அந்தப் பதவிக்கு என்ன அதிகாரம் இருந்தது? கண்ணிவெடி வேலி எப்படி வேலை செய்தது, பலன் கொடுத்ததா? எட்டடி உயரம், பதினாறடி நீளத்தில் ஒரு சுவரும் ஒரு மேசையும் கைவசம் உள்ளன. எழுத்தை மட்டும் ஒட்டினால் பிள்ளைகள் நிற்காமல் போய்விடுவார்கள். கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் என்ன வைக்கலாம்?


கப்பல் கிராணி (கிள்ளான்) எழுதியது:

பதவியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கண்ணிவெடிக்கு இங்கே வேறு ஆள் இருக்கிறார்.

1913 மார்ச் 17 அன்று பதவியேற்றார். 1920 ஆகஸ்டில், துணை அதிபர் வேட்பாளராக நின்றபோது விலகினார். அமெரிக்கா போரில் இருந்தது 1917 ஏப்ரல் 6 முதல் 1918 நவம்பர் 11 வரை, பத்தொன்பது மாதம். ஆகவே அவருடைய ஏழு வருஷத்தில் பெரும்பகுதி போருக்கு முந்தைய தயாரிப்பும் போருக்குப் பிந்தைய கலைப்பும்தான்.

அவருக்கு மேலே கடற்படைச் செயலாளர் ஜோசஃபஸ் டேனியல்ஸ். வட கரோலினாவில் பத்திரிகை நடத்தியவர், நிதானமானவர், கப்பல் கம்பெனிகளையும் இரும்பு ஆலைகளையும் எளிதில் நம்பாதவர். தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: டேனியல்ஸ் பெரிய துரை, ரூஸ்வெல்ட் சின்ன துரை. ஆள் கணக்கு, சாமான் கணக்கு, கூலித் தகராறு, காண்டிராக்ட் எல்லாம் சின்ன துரை மேசைக்கு வரும். பெரிய துரை வெளியூர் போய்விட்டால் அன்றைக்கு அவர்தான் துரை.

அந்த ஒரு நாள் அதிகாரம் சாதாரணமானதல்ல. இதே பதவியில் 1898இல் இருந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட், இவருக்குத் தூரத்து உறவு, மனைவி எலினோருக்குப் பெரியப்பா. செயலாளர் லாங் பிப்ரவரி 25 பிற்பகல் அலுவலகத்தில் இல்லாத நேரம் பார்த்து, ஹாங்காங்கில் இருந்த அமெரிக்கக் கப்பற்படைத் தளபதி டூயிக்குத் தந்தி அடித்தார்: நிலக்கரியை நிரப்பிக்கொள், ஸ்பெயினோடு போர் மூண்டால் பிலிப்பைன்ஸ் பக்கம் தாக்குதலுக்குத் தயாராக இரு. இளைய ரூஸ்வெல்ட்டுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. 1917 மார்ச்சில் டேனியல்ஸ் ஊரில் இல்லாதபோது, கியூபாவின் குவாண்டனாமோவில் இருந்த கப்பற்படையை வடக்கே கூப்பிட அனுமதி கேட்டு நேராக அதிபர் வில்சனிடமே போனார். வில்சன் மறுத்துவிட்டார். பலகையில் இதைப் போடுங்கள். அவருடைய அதிகாரம் எந்த இடத்தில் நின்றது என்பது இதில் தெரியும்.

கப்பல்களை எங்கே அனுப்புவது, எப்படிப் போரிடுவது என்பதெல்லாம் அவர் கையில் இல்லை. அதற்கு 1915இல் கடற்படை நடவடிக்கைத் தலைவர் என்று தனிப் பதவி வந்தது. முதலில் இருந்தவர் அட்மிரல் பென்சன். லண்டனில் அமெரிக்கக் கடற்படைக்குப் பொறுப்பு அட்மிரல் சிம்ஸ். ரூஸ்வெல்ட் கையில் இருந்தவை கப்பல் கட்டும் தளங்கள், அங்குள்ள சிவிலியன் தொழிலாளர், கூலி, கொள்முதல், கட்டடம். சுவாரசியமில்லாத வேலை மாதிரி இருக்கும். ஆனால் அறுபதாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த கடற்படை பத்தொன்பது மாதத்தில் ஐந்து லட்சத்தை நெருங்கியது. அத்தனை பேருக்கும் படுக்க இடம், போடச் சட்டை, பயிற்சி முகாம், துப்பாக்கி வேண்டும். இது முன்கூட்டி வாங்கி வைத்தால் மட்டுமே நடக்கும்.

அவர் எவ்வளவு வேகமாக வாங்கினார் என்பதற்கு ஒரு கதை உண்டு. தரைப்படைக்குச் சாமான் கிடைக்காமல் போனதால், சந்தையில் உள்ளதையெல்லாம் நீங்களே வளைத்துவிட்டீர்கள், இராணுவத்துக்கும் பங்கு கொடுங்கள் என்று வில்சன் கூப்பிட்டுச் சொன்னாராம். இதைச் சொன்னவர் ரூஸ்வெல்ட்டே. 1920இல் புரூக்ளினில் பேசும்போது இன்னொன்றும் சொன்னார்: போருக்கு முன் சட்ட அனுமதி இல்லாமல் தான் செய்த செலவுக்கெல்லாம் தண்டனை கொடுத்திருந்தால் 999 வருஷம் சிறையில் இருக்க வேண்டியிருக்கும் என்று. தேர்தலில் நிற்கப் போகிறவர் பேச்சு. பலகையில் சேர்ப்பதானால் "அவர் சொல்படி" என்று சேர்த்துவிடுங்கள்.

மேசைக்கு ஒரு யோசனை: தூரக்கண்ணாடி. போருக்கு முன் உயர்தர லென்ஸ் கண்ணாடி பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்துதான் வந்தது. போர் வந்ததும் வரத்து நின்றது. கப்பலில் காவல் நிற்பவனுக்குத் தூரக்கண்ணாடி இல்லையென்றால் நீர்மூழ்கியின் பெரிஸ்கோப்பை எப்படிப் பார்ப்பான்? அதனால் பொதுமக்கள் வீட்டில் உள்ளதை அனுப்பச் சொல்லி ஓர் இயக்கம் தொடங்கினார்கள். "கடற்படைக்குக் கண்கள்" என்று பெயர். சட்டப்படி கடற்படை எதையும் இலவசமாக வாங்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு டாலர் கொடுத்தார்கள். பொருள் திரும்பி வந்தால் அது வாடகை, தொலைந்தால் அதுவே விலை. பெயரும் முகவரியும் எழுதிய சீட்டைக் கட்டி வாஷிங்டனில் உள்ள கடற்படை வானாய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஐம்பதாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தது. எல்லாம் உதவவில்லை; நாடகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியையும் அனுப்பி வைத்தார்கள். உதவாததைத் திருப்பி அனுப்புவதே ஒரு வேலையாகிவிட்டது. போர் முடிந்ததும் உரியவர்களுக்கு ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட நன்றிப் பத்திரம் போயிற்று.

ஒரு பழைய தூரக்கண்ணாடி, நூலில் கட்டிய பெயர்ச்சீட்டு, பக்கத்தில் ஒரு டாலர் நோட்டின் படம். இது போதும். "நன்கொடை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு டாலர் எதற்கு என்பதே அடிபட்டுப் போகும்.


தைப்பிங் வாத்தியார் எழுதியது:

டீச்சரோ சாரோ தெரியவில்லை, வணக்கம். அந்தக் கையேட்டு வரியில் "உருவாக்கி" என்பதும் தப்பு, "முடக்கினார்" என்பதும் தப்பு.

1917 பிப்ரவரி 1 முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எந்தக் கப்பலையும் எச்சரிக்கையின்றி அடிக்கத் தொடங்கின. ஏப்ரலில் மட்டும் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் கப்பல் போயிற்று. அவை வெளிக்கடலுக்குப் போக இரண்டே வாசல்: தெற்கே டோவர் நீரிணை, வடக்கே ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே. வடக்கு வாசல் சுமார் 230 கடல்மைல். இரண்டையும் அடைத்துவிடலாம் என்று 1917 வசந்தத்திலேயே ரூஸ்வெல்ட் நச்சரிக்கத் தொடங்கினார். பிரிட்டிஷ் தரப்பு, நடக்காத காரியம் என்று தள்ளியது. அதில் நியாயமும் இருந்தது. அன்றைய கண்ணிவெடி கொம்பு வைத்தது. கப்பல் நேரே வந்து மோதினால்தான் வெடிக்கும். அதை வைத்து வடகடலை அடைக்க நாலு லட்சம் வேண்டும் என்று கணக்கு வந்தது.

திருப்பம் வந்தது மாசசூசெட்ஸ் மாநிலம் சேலத்தைச் சேர்ந்த ரால்ஃப் பிரவுன் என்ற மின் பொறியாளரால். அவர் கொண்டுவந்தது நீருக்கடியில் சுடும் துப்பாக்கி யோசனை. அதன் சுடும் அமைப்பைக் கழற்றிக் கண்ணிவெடியில் வைத்தவர்கள் கடற்படையின் ஆயுதப் பிரிவினர்: தலைவர் ரியர் அட்மிரல் ரால்ஃப் ஏர்ல், கண்ணிவெடிப் பகுதியில் கமாண்டர் ஃபுல்லின்வைடர்.

அதன் தந்திரம் எளிது. கண்ணிவெடிக்கு மேலே மெல்லிய செம்புக் கம்பி ஒன்று, சின்ன மிதவையில் கட்டி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை நிற்கும். வெடியின் மேல் ஒரு செம்புத் தகடு. கம்பியும் தகடும் செம்பு என்பதால் கடல்நீரில் இரண்டுக்கும் நடுவே மின்னோட்டம் இல்லை. நீர்மூழ்கியின் எஃகு உடல் கம்பியைத் தொட்டதும் எஃகும் செம்பும் உப்புநீரும் சேர்ந்து ஒரு மின்கலம் ஆகிவிடும். அந்தச் சிறு மின்னோட்டம் ரிலே என்ற மின்விசையை இழுக்கும், வெடி வெடிக்கும். கப்பல் மோத வேண்டாம், கம்பியை உரசினால் போதும். உள்ளே 300 பவுண்டு டிஎன்டி வெடிமருந்து, அதாவது 136 கிலோ. நாலு லட்சம் என்ற கணக்கு இதனால் ஒரு லட்சமாக இறங்கியது.

மார்க் 6 என்று பெயரிட்ட அந்த வெடியின் பாகங்களைப் பல நூறு பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரே ஆலையில் அவ்வளவு செய்ய முடியாது; ரகசியமும் காக்கலாம். வர்ஜீனியாவில் நோர்ஃபோக் அருகே டிஎன்டியை நீராவியால் உருக்கி ஊற்றினார்கள். சரக்குக் கப்பலில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்குப் போய், அங்கிருந்து ரயிலிலும் கால்வாயிலும் இன்வெர்னஸ், இன்வர்கார்டன் இரண்டு ஊர்களுக்கும் போயின. மூடிக் கிடந்த விஸ்கி ஆலைகளே பொருத்தும் பட்டறைகள். கண்ணிவெடி ஏற்றிவந்த லேக் மூர் கப்பல் 1918 ஏப்ரலில் நீர்மூழ்கியின் குண்டுக்கே பலியானது.

ஆழத்தை எப்படிச் சரியாக வைத்தார்கள் என்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உருண்டை வெடியும் பெட்டி வடிவ நங்கூரமும் ஒன்றாகக் கப்பலின் பின்புறத் தண்டவாளத்தில் உருண்டு கடலில் விழும். உருண்டை மிதக்கும், நங்கூரம் கம்பியை அவிழ்த்துக்கொண்டே கீழே போகும். நங்கூரத்துக்கும் கீழே ஒரு கயிற்றில் ஈயக்கட்டி தொங்கும். கட்டி தரையைத் தொட்டதும் கயிறு தளரும், கம்பி உருளை பூட்டிக்கொள்ளும். மிச்ச தூரம் நங்கூரம் இறங்கும்போது உருண்டையையும் அதே அளவு கீழே இழுத்துக்கொள்ளும். ஆகவே கட்டியின் கயிறு 80 அடி என்றால் வெடியும் 80 அடி ஆழத்தில் நிற்கும். கடல் எவ்வளவு ஆழமானாலும் கவலை இல்லை. உருளை பூட்டாமல் வழுக்கினால் வெடி மிகக் கீழே போய்ப் பயனற்றுவிடும். இணைப்புக் கம்பி அறுந்தால் மேலே வந்து மிதக்கும், யார் கப்பல் என்று பார்க்காது. நார்வே ஓரம் கடல் தொள்ளாயிரம் அடிக்கு மேல் ஆழம். அங்கே இந்தக் கோளாறெல்லாம் கூடுதல்.

1918 ஜூனில் போடத் தொடங்கி அக்டோபர் கடைசியில் நிறுத்தினார்கள். மொத்தம் சுமார் 70,000. அமெரிக்கா போட்டது 56,000க்கு மேல், பிரிட்டன் 13,000க்கு மேல். 80, 160, 240 அடி என்று மூன்று அடுக்கு.

பலனுக்கு வருகிறேன். உறுதியாக நான்கு நீர்மூழ்கிகள், தாராளமாகக் கணக்கிட்டால் ஆறு அல்லது சற்று மேல். செலவு சுமார் எட்டு கோடி டாலர் என்பார்கள். போட்ட வேகத்திலேயே நூற்றுக்கு மூன்று நான்கு தானாக வெடித்தது, சில வரிசைகளில் அதற்கும் மேல்; ரிலே அவ்வளவு நுணுக்கமானது. பிரிட்டிஷ் அட்மிரல் பீட்டிக்குத் தன் கப்பல்கள் போய்வரும் வழியை அடைக்கிறார்களே என்ற கோபம். நார்வே நடுநிலை நாடு. அதன் கரையோர நீர் வழியே நீர்மூழ்கிகள் நழுவின. அந்த இடைவெளியை நார்வே தானே அடைப்பதாக ஒப்புக்கொண்டபோது போர் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. இன்னும் ஆறு மாதம் போர் நீடித்திருந்தால் கதை வேறு என்பார்கள் ஆதரவாளர்கள். இருக்கலாம். நடந்ததை வைத்துப் பார்த்தால் நீர்மூழ்கிகளை அடக்கியது கப்பல்கள் கூட்டமாகக் காவலுடன் போன கான்வாய் முறைதான். அது 1917 கோடையிலேயே தொடங்கிவிட்டது.


கப்பல் கிராணி எழுதியது:

வாத்தியாரே, எல்லாம் சரி. ஆனால் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு பங்கும் இல்லை என்கிற மாதிரி முடித்துவிட்டீர்கள். 1917 அக்டோபர் கடைசியில் டேனியல்ஸுக்கு எழுதிய குறிப்பை அவர் வில்சனுக்கும் ஒரு பிரதி அனுப்பினார். மேலதிகாரியைத் தாண்டிப் போவது அது. அந்த வாரமே அனுமதி வந்தது.


தைப்பிங் வாத்தியார் எழுதியது:

அனுமதி வருவதற்கு முன்பே ஏர்லின் ஆட்கள் சுடும் அமைப்புக்கு ஒரு லட்சம் என்று ஆர்டர் கொடுத்துவிட்டார்கள், கிராணி அண்ணே. அவர்கள் காத்திருந்திருந்தால் 1918 ஜூனில் ஒன்றும் போட்டிருக்க முடியாது. அவர் தள்ளினார் என்பதை நான் மறுக்கவில்லை. திட்டத்தை விடாமல் மேசை மேசையாகத் தள்ளியது அவர். வெடியைச் செய்தது ஏர்ல், ஃபுல்லின்வைடர், பிரவுன். போட்டது ரியர் அட்மிரல் ஸ்ட்ராஸ், கேப்டன் பெல்நாப் இவர்களின் கப்பல்கள். பலகையில் மூன்று வரியாகப் பிரித்துப் போட்டால் சண்டை இல்லை.

ரூஸ்வெல்ட்டின் யோசனை எல்லாம் பலித்துவிடவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். கரையோரக் காவலுக்கு ஐம்பதடி மோட்டார் படகு நூற்றுக்கணக்கில் வேண்டும் என்று நின்றார். சின்னப் படகென்றால் அவருக்கு உயிர். கடற்படை அதிகாரிகள், அது அலையில் தாங்காது, ஆளையும் குண்டையும் சுமக்காது என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி. கடைசியில் கட்டியது 110 அடி மரப்படகு, மொத்தம் 441. எஃகும் பெரிய கப்பல் தளங்களும் டிஸ்ட்ராயர் போர்க்கப்பலுக்குப் போய்விட்டதால் மரம். மரப்படகுத் தச்சர்கள் சும்மா இருந்தார்கள். மூன்று பெட்ரோல் எஞ்சின், ஒவ்வொன்றும் 220 குதிரைச் சக்தி. பெட்ரோல் ஆவி அடித்தளத்தில் தேங்கினால் ஒரு தீப்பொறி போதும். அதுதான் அந்தப் படகின் தீராத தலைவலி. அந்த வடிவத்தை வரைய படகு வடிவமைப்பாளர் ஸ்வேசியைக் கூப்பிட்டு வந்தது ரூஸ்வெல்ட் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கிராணி அண்ணன் விடமாட்டார்.


சிப்புட் நூலகக் குழு எழுதியது:

இருவருக்கும் நன்றி. சுவரில் மூன்று அடுக்குக் கண்ணிவெடியை அளவு பிசகாமல் காட்ட முடியுமா? செம்பும் எஃகும் உப்புநீரும் என்றாரே வாத்தியார், அதை மேசையில் ஆபத்தில்லாமல் செய்து காட்டலாமா?


அளவுகோல் (பத்து காஜா) எழுதியது:

முடியும். 1க்கு 50 என்ற அளவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுவர் எட்டடி, அதாவது 244 சென்டிமீட்டர். மேலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு நீர்மட்டக் கோடு போடுங்கள். அதிலிருந்து கீழே 49, 98, 146 சென்டிமீட்டரில் மூன்று அடுக்கு வரும். வெடியின் விட்டம் 34 அங்குலம், 86 சென்டிமீட்டர்; 1க்கு 50இல் 1.7 சென்டிமீட்டர். சாதாரணக் கோலிக்குண்டு சரியாக இருக்கும். பிங்பாங் பந்து வைக்காதீர்கள், இரண்டு மடங்குக்கு மேல் பெரிது; பார்ப்பவர்கள் கடல் முழுக்க வெடி நெருக்கியடித்து நின்றது என்று நினைப்பார்கள்.

மேல் அடுக்கின் செம்புக் கம்பி சுமார் 70 அடி; சுவரில் 43 சென்டிமீட்டர். பழைய மின்வயரை உரித்தால் உள்ளே இருக்கும் ஒற்றை இழை போதும். ஒரே வரிசையில் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே 300 அடி. சுவரில் 183 சென்டிமீட்டர். பதினாறடி நீளத்தில் மூன்று வெடிதான் அடங்கும். குறைவாகத் தெரிகிறதே என்று கூட்டிப் போடாதீர்கள். அந்த வெறுமையைப் பார்த்தால்தான் கம்பி எதற்கு, ஒன்றின் பின் ஒன்றாக ஏன் அத்தனை வரிசை என்று புரியும். 65 மீட்டர் நீர்மூழ்கியை அட்டையில் வெட்டினால் 130 சென்டிமீட்டர் வரும். அதை முதல் அடுக்குக்கும் இரண்டாவது அடுக்குக்கும் நடுவே ஒட்டுங்கள். கடல்தரையை அளவுப்படி காட்ட இடமில்லை. சுவரின் அடியில் நெளிகோடு போட்டு "தரை இன்னும் கீழே" என்று எழுதிவிடலாம்.

மேசைச் சோதனை. ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பு, கடல்நீர் அளவு அதுதான். கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு செம்புத் துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, மல்டிமீட்டர் என்ற மின்னளவியின் இரண்டு வயரையும் கவ்வ வையுங்கள். டிசி 2 வோல்ட் அளவு. முள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். இப்போது பெரிய இரும்பு ஆணி ஒன்றைத் தண்ணீருக்குள் ஒரு செம்புத் துண்டின்மேல் அழுத்துங்கள். அளவு உடனே ஏறும். அரை வோல்ட்டுக்குக் கீழேதான், ஆனால் தெளிவாகத் தெரியும். ஆணியை எடுத்தால் இறங்கும். ஆணிதான் நீர்மூழ்கி. இதில் பேட்டரி இல்லை, சூடு இல்லை, பிள்ளைகளே செய்யலாம்.

சரியாக வராவிட்டால் பெரும்பாலும் இதில் ஒன்றாக இருக்கும். மோட்டார் சுற்றும் செம்புக் கம்பியில் வார்னிஷ் பூச்சு இருக்கும். உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் ஒன்றுமே காட்டாது. கூரைத் தகரம் அடிக்கிற ஆணி துத்தநாகம் பூசியது. அதில் அளவு கூடுதலாக ஏறும், ஆனால் அது எஃகு அல்ல, கதை மாறிவிடும். எவர்சில்வர் கரண்டியை வைத்தால் மிகக் குறைவாகவே அசையும். ஆணி சின்னதாக இருந்தால் அளவு மங்கும். நான்கு அங்குல ஆணி எடுங்கள். எல்இடி விளக்கு எரியவைக்கப் பார்க்க வேண்டாம், இந்த மின்னழுத்தம் போதாது. அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். துரு கலந்து மஞ்சளாகும், துண்டுகளையும் துடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பூஜ்யம் பூஜ்யமாக நிற்காது.

இதே சோதனைக்குப் பக்கத்தில் இன்னொரு விஷயத்தையும் விளக்கலாம். போர் முடிந்ததும் அத்தனை வெடியையும் யார் எடுப்பது? 1919இல் அமெரிக்கக் கப்பல்களே போய் வாரின. எஃகுக் கப்பலில் போய் வாரினால் அதுவே கம்பியைத் தொட்டுவிடும். என்சைன் டட்லி நிக்கல்ஸ் என்ற இளம் அதிகாரி, கப்பலிலிருந்து மின்னோட்டம் செலுத்தி அந்த மின்கல விளைவை அடக்கும் கருவியைச் செய்தார். பின்னாளில் ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதிப் பேர் வாங்கினாரே, அவரேதான். கருவி இருந்தும் கப்பல்கள் அடிபட்டன, 11 பேர் இறந்தார்கள். செப்டம்பர் 30 அன்று வேலை முடிந்தது. அமெரிக்கா போட்ட வெடிகளில் பாதிக்கும் குறைவாகவே கடலில் மிச்சம் இருந்தன. மற்றவை தானாக வெடித்தும் அறுந்தும் போயிருந்தன. வேலி எவ்வளவு ஓட்டையாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.


கப்பல் கிராணி எழுதியது:

பலகைக்கு எழுத்து இப்படி இருக்கலாம், திருத்திக்கொள்ளுங்கள்:

"பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அமெரிக்கக் கடற்படை உதவிச் செயலாளர், 1913–1920. கப்பல் தளங்கள், தொழிலாளர், கூலி, கொள்முதல் ஆகியவை இவர் பொறுப்பு. வடகடலை அடைக்கும் கண்ணிவெடித் திட்டத்தை 1917 முழுவதும் வலியுறுத்தி அதிபர் வரை கொண்டு சென்றார். வெடியை ஆயுதப் பிரிவு வடிவமைத்தது. 1918 ஜூன் முதல் அக்டோபர் வரை அமெரிக்கக் கப்பல்களும் பிரிட்டிஷ் கப்பல்களும் சுமார் 70,000 வெடிகளைப் போட்டன. குறைந்தது நான்கு நீர்மூழ்கிகள் இதில் மூழ்கின."

இடம் மிச்சமிருந்தால் அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு வரி சேருங்கள். கடற்படை அலுவலகத்துக்கு வாஷிங்டனில் அவசரமாகத் தற்காலிகக் கான்கிரீட் கட்டடம் ஒன்று 1918இல் எழுந்தது. அதற்கு இடம் பிடித்ததில் ரூஸ்வெல்ட்டுக்குப் பங்குண்டு. பிறகு ஏன் அங்கே கட்டினோம் என்று அவரே நொந்துகொண்டார். தற்காலிகம் என்று கட்டியதை இடிக்க 1970 ஆயிற்று. எங்கள் பக்கத்துத் தோட்டப் பெரியவர்கள் இதைப் படித்தால் நிச்சயம் சிரிப்பார்கள். தற்காலிக லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) எத்தனை வருஷம் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியாததா.


சிப்புட் நூலகக் குழு எழுதியது:

எழுத்தை எடுத்துக்கொள்கிறோம் ஐயா. "வலியுறுத்தி" பிள்ளைகளுக்குக் கனமாக இருக்கும், "விடாமல் கேட்டு" என்று போடுகிறோம். எம்டன் பலகைக்குப் பக்கத்திலேயே தூரக்கண்ணாடி மேசையை வைக்கலாமா, தனியாக வைக்கலாமா?


தைப்பிங் வாத்தியார் எழுதியது:

பக்கத்திலேயே வையுங்கள். எம்டன் பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கூடுதலாக நிறுத்தி, நான்கு புகைபோக்கி உள்ள கப்பல் போல வேஷம் போட்டுத்தான் பினாங்குக்குள் வந்தது. செம்சுக்கின் கேப்டன் அன்றிரவு கரையில் இருந்தார், கப்பலில் காவல் சரியில்லை. எம்டன் பலகையில் புகைபோக்கிகளை எண்ணும்படி ஒரு படம் வைத்து, மேசையிலிருக்கும் தூரக்கண்ணாடியால் மண்டபத்தின் மறுகோடியிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். நான்காவதை மட்டும் துணி மாதிரி கொஞ்சம் மடிப்போடு வரைந்து வையுங்கள். உண்மையிலும் அது மரச்சட்டத்தில் துணி போர்த்தியதுதான். படம் குறைந்தது ஓரடி நீளமாவது இருக்கட்டும், அதற்குக் குறைந்தால் பதினைந்து இருபது மீட்டரிலிருந்து மடிப்பு தெரியாது.